ஓடாதே, அந்த வரியைப் படி!

"நமக்கெல்லாம் இது வராது" என்கிறாயே தம்பி, இந்த வாக்கியத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நம் பினாங்கின் பாயான் லெபாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க உனக்கு வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் குறை கண்டுபிடிக்க உன் அக்காவுக்கு வருகிறது. பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்தில் கொட்டும் மழையில் நடுநிசி வரை சரக்கு எண்ண உன் அப்பாவுக்கு வந்தது. கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் ஓடி, கடைசியில் 'எரர்' என்று நின்றால் மட்டும் நம் குடும்பத்துக்கே வராதா?

வரும். எப்படி வரும் என்று சொல்கிறேன், கேள். 'நீ சிங்கம், நீ புயல்' என்கிற பேச்சு என்னிடம் கிடையாது. அதற்கு மண்டபம் எடுத்து டிக்கெட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே போ. நான் பேசப்போவது ஒரே ஒரு மென்பொருள் பேக்கேஜைப் பற்றி. அதை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டாயானால், எந்த மேனேஜர் முன்னாலும் உன் குரல் நடுங்காது.

பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போய் நில். ஸ்வெட்டன்ஹாம் துறையில் சுற்றுலாக் கப்பல், அப்பால் ஃபெரி, நடுக்கடலில் முறைக்குக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள். அவை சும்மா நிற்கவில்லை, பேசிக்கொண்டே இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கப்பலும் ஏஐஎஸ் என்ற கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தன் அடையாள எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் கப்பல் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்த அடையாள எண்ணுக்கு ஒன்பது இலக்கம். 533 என்று தொடங்கினால் மலேசியக் கப்பல், 419 என்றால் இந்தியக் கப்பல். ரிசீவர் அதை வாங்கி, 'ஏஐவிடிஎம்' என்று தொடங்கும் வரிகளாகத் துப்பும். பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஆறு பிட் அடைத்து வைத்த தகவல் அது.

அந்தக் கிறுக்கலைப் பிரித்துக் கப்பலின் பெயரையும் வேகத்தையும் எடுத்துக் கொடுக்கும் இலவச மென்பொருள்களில் ஒன்று ஜிபிஎஸ்டி. கையளவு போர்டில் லினக்ஸை ஏற்றி, அதில் ஜிபிஎஸ்டியை ஓடவிட்டு, துறைமுகத்தின் நடமாட்டத்தை உன் திரைக்குக் கொண்டு வருவது உன்னால் முடிகிற வேலை. ரிசீவர் வாங்கக் காசு இல்லையா? ஜிபிஎஸ்டி மூலநிரலோடு மாதிரி ஏஐஎஸ் பதிவுகளும் சேர்ந்தே வருகின்றன, அதை வைத்துத் தொடங்கு. காசு இருந்தால், வாங்குவதற்கு முன் நம் நாட்டு ரேடியோ விதியை ஒரு தடவை பார்த்துக்கொள். வீராப்பு வேறு, சட்டம் வேறு.

இப்போது அந்த லினக்ஸைக் கட்ட வேண்டும். பில்ட்ரூட்டை எடு. 2001இல் தொடங்கிய திட்டம். கம்பைலரிலிருந்து கெர்னல், கோப்பு அமைப்பு வரை எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டி, போர்டில் எழுதத் தயாரான ஒரே இமேஜாகக் கொடுக்கும். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரையில் ஒரு மெனு விரியும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.

நீ மூடாதே. சாய்கோட்டு விசையை அழுத்து, 'ஜிபிஎஸ்டி' என்று தட்டு. தேடல் முடிவு வரும். அது மெனுவில் எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது, சார்ந்திருப்பவற்றில் எது 'ஒய்', எது 'என்' என்று வரிசையாகக் காட்டும். கம்பைலர் முதலான கட்டும் கருவிகளின் தொகுப்பான டூல்செயினில் த்ரெட் வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் ஜிபிஎஸ்டியைத் தேர்வு செய்யவே முடியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் நிற்கும்: இதற்கு த்ரெட் வசதியுள்ள டூல்செயின் வேண்டும் என்று. எது குறைகிறது என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மேலதிகாரிகள் எத்தனை பேரை நீ பார்த்திருக்கிறாய்? இந்த மெனு சொல்கிறது. உனக்கோ அதைப் படிக்கச் சோம்பல்!

பேக்கேஜின் விவரத்தில் 'டிபென்ட்ஸ் ஆன்' என்று எழுதியிருந்தால், அந்த வசதி இருந்தால்தான் பேக்கேஜ் கண்ணில் படும். 'செலக்ட்' என்று எழுதியிருந்தால், அழைத்த விருந்தாளி கையோடு சொந்தக்காரரையும் கூட்டி வருகிற கதை. நீ ஒன்றைத் தேர்ந்தால் அது இன்னொன்றைத் தானே இழுத்து வந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. இழுத்து வரப்படுகிற பேக்கேஜுக்கு என்ன நிபந்தனை என்பதை 'செலக்ட்' பார்க்காது. அதனால் இழுப்பவனே அந்த நிபந்தனைகளைத் தன் தலைப்பில் திரும்ப எழுதியாக வேண்டும். அதை எழுத மறந்தவர்களால் எத்தனையோ பில்ட்கள் விழுந்திருக்கின்றன. மறந்தவர்கள் பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள். உன்னைவிட அறிவாளிகளும் சறுக்குகிற இடம் இது என்று தெரிந்துகொள், கூச்சம் பாதி போய்விடும்.

சரி, ஜிபிஎஸ்டியைத் தேர்ந்தாய். நெறிமுறைப் பட்டியலில் ஏஐவிடிஎம் பெட்டியையும் டிக் செய்தாய். பில்ட் முடிந்தது, போர்டு எழுந்தது. நிலவரத்தைத் திரையில் காட்டும் 'சிஜிபிஎஸ்' கட்டளையைத் தட்டுகிறாய். 'நாட் ஃபவுண்ட்'.

இங்கேதான் 'நமக்கு வராது' தலையைத் தூக்கும். அதன் தலையில் ஒரு போடு போடு! கேள்வியைக் கேள்: ஜிபிஎஸ்டி வந்திருக்கிறது, சிஜிபிஎஸ் ஏன் வரவில்லை? பேக்கேஜ் அடைவுக்குப் போய், எப்படிக் கட்டுவது என்று எழுதி வைத்திருக்கிற ஜிபிஎஸ்டியின் எம்கே கோப்பைத் திற. அதற்குள் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. என்கர்சஸ் என்ற லைப்ரரி தேர்வாகியிருந்தால் அதைச் சார்புப் பட்டியலில் சேர், இல்லாவிட்டால் 'என்கர்சஸ்=நோ' என்று கட்டும் கருவிக்குச் சொல் என்று சில வரிகள் இருக்கும். எழுத்துத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் சிஜிபிஎஸ்ஸுக்கு என்கர்சஸ் வேண்டும். நீ அதைத் தேர்வு செய்யவில்லை. சொன்னதைத்தான் அது செய்தது.

மெனுவுக்குத் திரும்பி என்கர்சஸைத் தேர்ந்து மறுபடி 'மேக்' கொடுக்கிறாய். முடிகிறது. போர்டில் ஏற்றிப் பார்த்தால் சிஜிபிஎஸ் இன்னும் இல்லை! ஆர்வத்தோடு தொடங்குகிறவர்களில் பலரைக் கரையில் ஒதுக்குகிற அலை இதுதான். ஒருமுறை கட்டி முடித்த பேக்கேஜை, ஆப்ஷன் மாறியது என்பதற்காக பில்ட்ரூட் தானாகத் திரும்பக் கட்டாது. என்கர்சஸ் புதிதாகக் கட்டப்பட்டது, ஜிபிஎஸ்டி பழைய கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'மேக் ஜிபிஎஸ்டி-டர்க்ளீன்' கொடுத்துப் பழையதைத் துடைத்துவிட்டு மறுபடி 'மேக்' கொடு. சிஜிபிஎஸ் வரும். இதைத் திட்டத்தின் கையேட்டிலேயே, ஒளிவு மறைவில்லாமல், எப்போது முழுவதும் துடைக்க வேண்டும் என்று தனித் தலைப்புப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கையேட்டை நீ திறக்கவில்லை. திறக்காமலே உன் மூளையைக் குறை சொன்னாய். உன் மூளை உன் மேல் மானநஷ்ட வழக்குப் போட வேண்டும்!

அந்த 'என்கர்சஸ்=நோ' வரிக்குக் கொஞ்சம் திரும்பி வா. தேர்வு செய்யாத லைப்ரரியை எதற்கு வேலை மெனக்கெட்டு 'வேண்டாம்' என்று எழுத வேண்டும்? சும்மா விட்டால் என்ன? பல மென்பொருள்கள் கட்டப்படும்போது அக்கம் பக்கம் மோப்பம் பிடிக்கும். லைப்ரரி கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், கிடக்காவிட்டால் பேசாமல் விட்டுவிடும். வேறொரு பேக்கேஜ் என்கர்சஸை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தால் உன் ஜிபிஎஸ்டி ஒரு மாதிரி பிறக்கும், கட்டியிராவிட்டால் வேறு மாதிரி. சார்பு எழுதாவிட்டால் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் கட்டப்படும். 'ஜி' முன்னால், 'என்' பின்னால். அப்போது ஜிபிஎஸ்டி கட்டப்படும் நேரத்தில் என்கர்சஸ் இருக்காது. அதே ஜிபிஎஸ்டியை மறுநாள் தனியாகத் திரும்பக் கட்டினால் இருக்கும். உன் லேப்டாப்பில் ஓடியது பக்கத்து மேசையில் ஓடாது. "நேற்று வேலை செய்ததே, சத்தியமாக" என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய், டெஸ்ட் அறையில் யாரும் நம்ப மாட்டார்கள். வேண்டியதை வேண்டும் என்றும், வேண்டாததை வேண்டாம் என்றும் கறாராக எழுதி வைத்தால்தான் எவன் எங்கே கட்டினாலும் ஒரே பொருள் வரும். லினக்ஸ் கட்டும் இன்னொரு திட்டமான யாக்டோவிலும் இதே கட்டுப்பாடு உண்டு, அங்கே 'பேக்கேஜ்கான்ஃபிக்' என்ற வரியில் வேண்டும், வேண்டாம் இரண்டையும் ஜோடியாக எழுதுவார்கள். ஒன்றைக் கற்றால் மற்றது எளிது.

"எனக்கு ஆங்கிலம் தகராறு அண்ணே" என்கிறாயா? ஷேக்ஸ்பியரையா படிக்கச் சொல்கிறேன்? பில்ட் எரரில் வருகிற ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான். 'நோ சச் ஃபைல்' என்று ஒரு ஹெடர் கோப்பின் பெயரோடு வந்தால், அந்த லைப்ரரி இன்னும் கட்டப்படவில்லை, சார்புப் பட்டியலைப் பார். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்தால், கம்பைல் தாண்டிவிட்டது, லிங்க் செய்யும் இடத்தில் ஒரு லைப்ரரி விடுபட்டிருக்கிறது. 'ரிகர்சிவ் டிபென்டன்சி' வந்தால், ஒன்று மற்றதைக் கேட்க, மற்றது திரும்ப முதலாவதைக் கேட்கிறது, எங்கோ ஒரு 'செலக்ட்' தவறான இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் குறும்பானது ஒன்று உண்டு. போர்டில் கோப்பு கண்முன்னே இருக்கும், ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்னும். காணாமல் போனது அந்தக் கோப்பு இல்லை, அதை நினைவகத்தில் ஏற்றுகிற லோடர். ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் கட்டிய நிரலை, மசல் என்ற வேறொரு சி லைப்ரரி வைத்துக் கட்டிய போர்டில் போட்டால் இப்படித்தான் ஆகும். 'ஃபைல்' கட்டளை கொடுத்தால் எந்த லோடரைத் தேடுகிறது என்று பெயரோடு சொல்லிவிடும்.

இன்னொன்று. கடைசி வரியைப் பார்த்து அழாதே. ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடுவதால், விழுந்த இடம் மேலே எங்கோ இருக்கும். கீழே வருவதெல்லாம் அதன் எதிரொலி. வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, மேலிருந்து வந்து முதல் எரரைப் பிடி. அதை வாய்விட்டுப் படி. தமிழில் சொல்லிப் பார். "இந்தக் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை." இதில் உன்னைத் திட்டுகிற சொல் ஒன்றாவது இருக்கிறதா?

பாயான் லெபாஸிலிருந்து பாலத்துக்குப் போகும் கடலோரச் சாலையில் ஒருநாள் வண்டியை ஓரம் கட்டு. எதிரே பச்சையாகத் தெரிகிறதே ஜெரஜாக் தீவு, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடம் அது. நாகப்பட்டினத்தில் ஏறி, அடித்தட்டில் படுத்து, வாந்தி எடுத்து வந்து இறங்கியவர்களுக்கு முதல் மரியாதை அந்தத் தீவின் முகாம். 'உனக்கு என்ன தெரியும்' என்று யாரும் கேட்கவில்லை, உடம்பில் பலம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அந்தத் தீவைப் பார்த்தபடி இருக்கிற கரையில் இன்று சிப் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. உன்னிடம் உடம்பைக் கேட்கவில்லை, மூளையைக் கேட்கிறார்கள். கொடுக்க உனக்கு என்ன தயக்கம்?

இந்த ஊரே ஒரு காலத்தில் 'இனி அவ்வளவுதான்' என்று கைகழுவப்பட்ட ஊர். 1969இல் ஜார்ஜ் டவுனின் சுங்கவரியில்லாத் துறைமுக அந்தஸ்து பறிபோனது. வியாபாரம் படுத்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. அதே ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, துறைமுகத்தை நினைத்து ஒப்பாரி வைக்கவில்லை. 1972இல் பாயான் லெபாஸில் நாட்டின் முதல் தடையற்ற வர்த்தக வலயம் எழுந்தது. அந்த ஆண்டே இன்டெல் வந்து, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே தொடங்கியது. 1975இல் அந்த ஆலை தீயில் எரிந்துபோனது. மூடிவிட்டுப் போனார்களா? இன்று அதே பினாங்கில் சிப் வடிவமைக்கிறார்கள், அதற்கான மென்பொருள் எழுதுகிறார்கள். 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியதும், 'ஆள் கிடைக்கவில்லை' என்று முனகிக்கொண்டிராமல் அரசும் கல்வியாளர்களும் ஆலைகளும் சேர்ந்து ஆளை உருவாக்கலாம் என்று இறங்கியதால்தான்.

கம்பி பொருத்துகிற ஊர் என்றுதான் உலகம் நம்மை முதலில் அறிந்தது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆல்டெரா நிறுவனத்தின் நியோஸ் 2 ப்ராசசருக்கான ஆதரவு 2015 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.19இல் சேர்ந்தது. அதில் இந்தத் தீவின் பொறியாளர்கள் உழைப்பு இருக்கிறது. லினக்ஸின் மூலநிரலில் பினாங்கில் தட்டச்சு செய்த வரிகள் இருக்கின்றன, தம்பி! உன் வரி ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

பில்ட்ரூட்டுக்கே ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் அது யாரும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாத பிள்ளை. இன்று எடுத்தால் ஓடும், நாளை எடுத்தால் விழும். 2009 ஜனவரியில் பீட்டர் கோர்ஸ்கார்ட் என்பவர் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே 2009.02 என்று ஒரு பதிப்பு வந்தது, அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கு வந்துவிட்டது. குப்பையாகக் கிடந்ததைப் பார்த்து 'நமக்கு வராது' என்று அவர் நகர்ந்திருந்தால் இன்று உலகம் முழுக்க எத்தனையோ ரவுட்டர்களும் கருவிகளும் வேறு வழி தேடியிருக்கும்.

தங்கச்சி, உன்னிடமும்தான் பேசுகிறேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, 'சாஃப்ட்வேர் எல்லாம் யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு' என்று டெக்னீஷியன் நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாயே, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு சாலிடரிங் அயனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. போர்டு எழாதபோது குறை மின்சாரத்திலா, சீரியல் வயரிலா, கெர்னலிலா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறவள் நீ. எம்பெடட் லினக்ஸ் உன்னை மாதிரி ஆளைத்தான் தேடுகிறது. இரும்பும் எழுத்தும் சந்திக்கிற இடம் அது. இரும்பு உனக்குத் தெரியும். எழுத்தைப் பிடி. தமிழ்ப்பள்ளியில் படித்தேன் என்று குரலைத் தாழ்த்தாதே. கம்பைலர் யாருடைய எஸ்பிஎம் சான்றிதழையும் கேட்டதில்லை. அரைப்புள்ளி விட்டால் பேராசிரியருக்கும் எரர், உனக்கும் எரர்.

எங்கே தொடங்குவது என்று கேட்காதே, கதவு திறந்துதான் கிடக்கிறது. பில்ட்ரூட்டுக்கென்று தானியங்கிக் கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. ஆப்ஷன்களைக் கண்மூடித்தனமாகக் கலந்து எடுத்து, கட்டிப் பார்த்து, விழுந்தவற்றை வெளிப்படையாகப் பட்டியல் போடுகின்றன. எந்தப் பேக்கேஜ், எந்தக் கட்டமைப்பு, எந்த வரியில் விழுந்தது, எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் ஆள் இல்லாத நாற்காலி. இன்டர்வியூ கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது, 'உங்க அப்பா எங்கே வேலை' என்ற கேள்வி கிடையாது. போய் உட்கார வேண்டியதுதான்.

முதலில் சின்னதாக ஒன்றை எடு. விழுந்த அதே கான்ஃபிக் கோப்பை இறக்கி, உன் கணினியிலும் விழவை. விழாவிட்டால் நீ இன்னும் பிரச்சினையைத் தொடவில்லை என்று பொருள். விழுந்த பிறகு சார்புகளைப் பார். 'மேக் கிராஃப்-டிபென்ட்ஸ்' கொடுத்தால் எது எதைச் சார்ந்திருக்கிறது என்று படமாகவே வரைந்து கொடுக்கும். எழுதாமல் விட்ட ஒரு சார்பு, மறந்துபோன ஒரு 'வேண்டாம்', திரும்பச் சொல்லாத ஒரு நிபந்தனை, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். திருத்தம் ஒரே வரியாக இருந்தாலும் பரவாயில்லை. திருத்தியதும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டு. பழைய மிச்சத்தின் மேல் ஓடியதை வெற்றி என்று எண்ணி ஏமாறாதே.

பிறகு அந்தத் திருத்தத்தை எழுது. என்ன விழுந்தது, ஏன் விழுந்தது, எப்படிச் சரி செய்தாய் என்று மூன்று நான்கு எளிய வாக்கியம் போதும். இலக்கணம் கோணினாலும் காரணம் நேராக இருக்கட்டும். கீழே உன் முழுப் பெயரைப் போடு. புனைபெயரும் வேண்டாம், பாதிப் பெயரும் வேண்டாம். அப்பா பெயரும் சேர்ந்து வரட்டும். பில்ட்ரூட் குழுவுக்கு அனுப்பு.

"இந்த வரி இங்கே வரக்கூடாது, இன்னொரு தடவை பார்" என்று பதில் வந்தால் சுருங்காதே. உன் வேலையை ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பதற்குச் சான்று அது. சொன்னதில் நியாயம் இருந்தால் திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று போட்டு அனுப்பு. நியாயம் இல்லை என்று பட்டால் எரர் வரியை மேற்கோள் காட்டி மரியாதையாக மறுத்து எழுது. பதிலே வராவிட்டால், சில வாரம் பொறுத்து மறுபடி அனுப்பு.